மழைக்கு முன்னால் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்: கொங்கு நாட்டில் வெள்ள, சூறைக்காற்றுச் சேதத்துக்கு இழப்பீடு வாங்கும் வழி

ஏஜென்டிடம் போய் "வெள்ள இன்சூரன்ஸ் வேணுங்க" என்று கேட்டால், கையில் கிடைப்பது பெரும்பாலும் தீ விபத்து பாலிசிதான். அதில் தவறில்லை. நம் நாட்டில் வீட்டுக்கும் சிறுதொழிலுக்கும் வெள்ளம், புயல், சூறைக்காற்று, மண்சரிவு எல்லாம் தீ பாலிசிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. வண்டிக்கு வண்டி பாலிசியில், பயிருக்குப் பயிர்க் காப்பீட்டில், மாட்டுக்குக் கால்நடைக் காப்பீட்டில் என்று ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் இருக்கிறது. ஒரே மழையில் வீடும் மொபெட்டும் வாழைத்தோப்பும் போனால் மூன்று கிளெய்ம், மூன்று நம்பர், மூன்று கெடு.

முதல் முறை பாலிசி எடுப்பவருக்கும், எடுத்து வைத்துவிட்டு இதுவரை பிரித்தே பார்க்காதவருக்கும் இந்தக் கட்டுரை. இழப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் மழை வருவதற்கு முன்பே, பாலிசியின் முதல் இரண்டு பக்கங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

தண்ணீர் எந்த வழியாக வரும்?

கடல் இல்லாத சீமை என்று நாம் கொஞ்சம் தைரியமாக இருந்துவிடுகிறோம். நம் ஊருக்குச் சேதம் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, ஆனி ஆடியில் மலையிலிருந்து இறங்கும் ஆற்று வெள்ளம். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நம் ஊரில் ஒரு சொட்டு விழாமலே பவானி பெருகியது. பில்லூர் அணையின் உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டதும் வருகிற தண்ணீரை அப்படியே பவானியில் விடுவார்கள். மேட்டுப்பாளையமும் சிறுமுகையும் சில மணி நேரத்திலேயே அதைப் பார்க்கும். மேட்டூர் 120 அடியும் நிரம்பி உபரி நீர் லட்சம் கனஅடியைத் தாண்டினால் பவானி, ஈரோடு கருங்கல்பாளையம், குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் ஆற்றோரத் தெருக்களில் காவிரி ஏறும். இந்த வெள்ளத்தில் ஒரு நல்லது உண்டு: எச்சரிக்கை முன்கூட்டியே வரும், பொருளை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவில் பள்ளங்களில், அதாவது ஓடைகளில், வரும் வெள்ளம். 2011 நவம்பரில் திருப்பூரைச் சுருட்டியது நொய்யலோடு சேர்ந்த இந்த ஓடை வெள்ளம்தான். வருஷமெல்லாம் சாயமும் சாக்கடையுமாகச் சும்மா கிடக்கும் பள்ளம் ராத்திரி இரண்டு மணிக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழையும். கோவையில் லங்கா கார்னர் பாலத்தடியும் சுரங்கப்பாதைகளும் இதே வகை.

மூன்றாவது, சித்திரை வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று. கோபி, சத்தி, அந்தியூர், சிறுமுகைப் பக்கம் குலை தள்ளிய வாழையைப் படுக்க வைப்பதும், தோட்டத்துச் சாளையின் தகரத்தையும் தறிக்கூடத்தின் சிமென்ட் ஷீட்டையும் பிய்த்து எறிவதும் இதுதான்.

உங்கள் இடத்துக்கு இந்த மூன்றில் எது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்துக்கு மேல் எதை வைப்பது, எதை இன்சூர் செய்வது என்பதுதான் திட்டம்.

வீட்டுக்கு

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய வீட்டுப் பாலிசி ஒன்று இருக்கிறது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படைப் பாதுகாப்பு ஒன்றே. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரமோ சுவரோ மேலே விழுதல், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்து வழிதல் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வெள்ளம் போன்ற சம்பவம் நடந்த ஏழு நாட்களுக்குள் அதன் தொடர்பாக நடக்கும் திருட்டும் சேர்த்தி. வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போனவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பலருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரிவதில்லை.

தொகையைக் கணக்கிடும் முறை எளிது. நிலத்தின் விலையைச் சேர்க்கக்கூடாது. உள்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 1,200 சதுர அடி உள்பரப்பு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம். காம்பவுண்டு சுவர், கேட், மேல்தொட்டி, சோலார் பலகை இவற்றையும் கட்டடத்தோடு சேர்க்கலாம். அவற்றின் மதிப்பைத் தனியே போட்டு மொத்தத்தில் கூட்டுங்கள். கொங்குப் பக்கம் மழையில் முதலில் சாய்வது ஈரம் குடித்த காம்பவுண்டு சுவர்தான். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் அப்படிச் சாய்ந்த சுவர் 17 உயிரைக் கொண்டுபோனது. இழப்பீட்டுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்காத உயரச் சுவர் உங்களிடம் இருந்தால் மழைக்கு முன்பே மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பாதுகாப்பு வரும். மேலே சொன்ன வீட்டுக்கு 4.8 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். நகை தானாக வராது. அதற்குத் தனி விருப்பப் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். ரொக்கமும் வண்டியும் இதில் அடங்காது.

வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியே ஒரு பாலிசி போட்டிருக்கலாம். அதை வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் கடன் பாக்கி அளவுக்கு மட்டும் போட்டிருப்பார்கள். சாமான்கள் அதில் இருக்காது. சில இடங்களில் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசியாக இருக்கும், சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

கிடைக்காதது எது? மொட்டைமாடி விரிசலில் பல வருஷமாகக் கசிந்து சுவர் ஊறியது வெள்ளம் ஆகாது, அது பராமரிப்புக் குறை. இதனால்தான் மழைக்கு முன் எடுத்த சுவர்ப் படம் முக்கியம். அந்தக் கறை போன மாதம் இல்லை என்று காட்ட உங்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

பனியன் கம்பெனி, தறிக்கூடம், குடோன்

கொங்கு நாட்டில் பெரிய தொகை போவது இங்கேதான், பெரிய தவறுகள் நடப்பதும் இங்கேதான். ஓரிடத்திலுள்ள மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இரண்டிலும் புயலும் வெள்ளமும் உள்ளேயே இருக்கின்றன. 50 கோடிக்கு மேல் உள்ள பழைய வகைப் பாலிசியில் பிரீமியத்தைக் குறைக்கப் புயல், வெள்ளப் பகுதியை நீக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பெரிய ஆலைக்காரர்கள் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பாலிசியின் ஷெட்யூலை (முகவரி, பொருள், தொகை எழுதிய பக்கத்தை) மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள்.

முகவரி. கம்பெனி இடம் மாறி இரண்டு வருஷம் ஆகியிருக்கும், பாலிசி இன்னும் பழைய வாடகைக் கட்டடத்தின் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு வரும். பாலிசியில் எழுதப்பட்ட முகவரியில் இருக்கும் பொருளுக்குத்தான் பாதுகாப்பு. புதிதாக எடுத்த குடோன், துணி உலர்த்தும் பக்கத்து ஷெட், பள்ளத்தை ஒட்டிய தரைத்தள அறை என ஒவ்வொன்றின் கதவு எண்ணும் இருக்க வேண்டும். சரக்கு குடோனுக்குக் குடோன் நகர்ந்துகொண்டே இருந்தால் எல்லா முகவரியையும் சேர்த்து ஒரே தொகைக்கு எடுக்கும் ஃப்ளோட்டர் முறையைக் கேளுங்கள்.

அடுத்தவர் சரக்கு. திருப்பூரில் இதுதான் மிகப் பெரிய ஓட்டை. ஜாப் ஒர்க் எடுக்கும் சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட்டில் கிடக்கும் துணியில் முக்கால்வாசி உரிமையாளருடையது கிடையாது, ஏற்றுமதியாளருடையது. "சரக்கு" என்று மட்டும் பாலிசியில் எழுதியிருந்தால், "உங்கள் சரக்கு எவ்வளவு, அதற்கு மட்டும் தருகிறோம்" என்பார்கள். பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கும் அடங்கும் என்ற வாசகத்தை எழுதி வாங்குங்கள். வந்த துணிக்கு டெலிவரி சலானைத் தேதிவாரியாக வையுங்கள். ஈரோட்டில் விவசாயிகளின் மஞ்சளை வாங்கி வைக்கும் கிடங்குக்காரருக்கும், சோமனூர், பல்லடத்தில் கூலிக்குப் பாவு ஓட்டும் தறிக்காரருக்கும் இதே விதி.

தொகை. சரக்குக்குக் குறைவாகப் போட்டால் சேதம் சிறியதானாலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். சேத நாளில் குடோனில் இருந்தது 40 லட்சச் சரக்கு, பாலிசியில் 20 லட்சம், நனைந்தது 6 லட்சம் என்றால், "20 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழு 6 லட்சமும் வரும்" என்றுதான் எல்லோரும் நினைப்போம். வருவது 3 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே பாதிச் சேதம்தான் அவர்கள் பொறுப்பு. சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். 40 லட்சத்துக்கு 34 லட்சம் போட்டிருந்தால் வெட்டு இல்லை. வீட்டுப் பாலிசியில் இந்த விகித வெட்டே கிடையாது. வருஷத்தில் சரக்கு மிக அதிகமாகத் தேங்கும் மாதத்தின் மதிப்பை வைத்துத் தொகையை முடிவு செய்யுங்கள். திருப்பூரில் தீபாவளி உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது.

மதிப்பு என்றால் அடக்க விலை. விற்பனை விலையில் இழப்பீடு வராது. இயந்திரத்துக்கு மட்டும் அதே போன்ற புதியதன் இன்றைய விலையைப் போடுங்கள். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய பில் தொகையைப் போட்டால் ஓவர்லாக் மெஷின் பாதி விலைக்குத்தான் நிற்கும். வேலை நின்றதால் போன லாபம், தாமதத்துக்கு வாங்குபவர் பிடித்த தொகை இவை இந்தப் பாலிசியில் வராது. அதற்கு லாப இழப்புப் பாதுகாப்பு என்று தனியாக இருக்கிறது.

வங்கி. ஓவர்டிராஃப்ட் இருந்தால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், காசோலையும் அங்கேதான் போகும். அதைவிட முக்கியம், மாதாமாதம் வங்கிக்கு நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். கடன் லிமிட் குறையக்கூடாதென்று அதில் சரக்கைக் கூட்டிக் காட்டியிருந்தால் அந்தத் தாள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் மேசைக்கு வரும். கூட்டிய மதிப்பை உண்மை மதிப்பாக எடுத்துக்கொண்டு விகித வெட்டுப் போடவும் முடியும். கணக்கு ஒத்துப்போகவில்லை என்று கிளெய்மையே சந்தேகிக்கவும் முடியும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஸ்டாக் ரிஜிஸ்டர், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லட்டும்.

வண்டிக்கு

மூன்றாம் நபர் பாலிசி (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழுப் பாதுகாப்புப் பாலிசி வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருஷம், காருக்கு மூன்று வருஷம் மூன்றாம் நபர் பாதுகாப்பைச் சேர்த்தே விற்கிறார்கள். "ஐந்து வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்று நம்பி இருப்பவர்கள் சொந்தச் சேதப் பகுதியின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் அது முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும்.

தண்ணீரில் நின்றுவிட்ட காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது. பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளையும். வண்டி மூழ்கியது வெள்ளச் சேதம், அதன் பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை உடைத்தது பின்விளைவுச் சேதம் என்று பிரிப்பார்கள். இன்ஜினுக்குத் தனிக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்கு அந்தச் செலவு கைக்காசுதான். சுரங்கப்பாதையில் நின்றால் இறங்குங்கள், உயிர் முதலில். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, படம் எடுத்து, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். தேய்மானமில்லாப் பாதுகாப்பு எடுத்திருந்தால் பிடிக்க மாட்டார்கள். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிட்டு முடிப்பார்கள்.

வயலும் மாட்டுக் கட்டுத்தறியும்

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால) பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி (குளிர்கால) பயிருக்கு 1.5, வாழை மஞ்சள் போன்ற தோட்டக்கலை, பணப்பயிர்களுக்கு 5. உங்கள் பிர்காவுக்கு அந்தப் பருவத்தில் அந்தப் பயிர் அறிவிக்கப்பட்டிருந்தால்தான் சேர முடியும். சிட்டா, விதைப்பு அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கொண்டு கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். ரசீதில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் நான்கையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். உட்பிரிவு ஓர் எழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல்.

இந்தத் திட்டம் இரண்டு கணக்குகளில் ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பொதுவாக ஊர் அளவில் அறுவடைச் சோதனை செய்து, சராசரி மகசூல் குறைந்திருந்தால் அந்த அலகில் இருக்கும் எல்லோருக்கும் தருவார்கள். தனி மனுக் கொடுக்கத் தேவையில்லை. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயல் நீரில் மூழ்குதல், மேகவெடிப்பு, மின்னலால் தீ ஆகியவற்றுக்கு மட்டும் தனி வயலைப் பார்த்துத் தருவார்கள். இதற்கு 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்: பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ 14447 என்ற எண்ணிலோ. நெல்லுக்கு இந்த மூழ்குதல் 2018ல் நீக்கப்பட்டது. 2026 காரிஃப் முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. கொடிவேரிப் பாசனத்திலும் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் நெல் நடுபவர்கள் தங்கள் மாவட்ட அறிவிப்பில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் சூறைக்காற்று இல்லை. நம் வாழைக்காரருக்கு மிக அதிகமாக நடக்கும் சேதம், தனி வயல் கணக்கில் அடங்காத சேதம். ஒரு தோப்பு மட்டும் சாய்ந்து ஊர்ச் சராசரி குறையாமல் இருந்தால் காப்பீட்டுப் பணம் வராது. இது நியாயமில்லை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் இருப்பதைத் தெரிந்துகொண்டு நடப்பதுதான் இப்போதைக்கு வழி: காற்றடித்த மறுநாளே கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை உதவி அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுத்தால் பேரிடர் நிவாரண நிதியில் இடுபொருள் உதவி கிடைக்க வழி இருக்கிறது. அது காப்பீடு ஆகாது, அரசு நிவாரணம். சாய்ந்த மரங்களைக் கணக்கெடுப்பதற்கு முன் வெட்டி ஒதுக்கிவிடாதீர்கள்.

கால்நடைக் காப்பீட்டில் காது வில்லைதான் பாலிசி. வில்லை இல்லாவிட்டால் கிளெய்ம் இல்லை. விழுந்துவிட்டால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லி மறு வில்லை போடுங்கள். மாடு வெள்ளத்தில் செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் வில்லையோடு கூடிய படமும் வேண்டும்.

மழைக்கு முன் ஒரு மாலை

கையில் போனை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையையும் மெதுவாக வீடியோ எடுங்கள். அலமாரியைத் திறந்து காட்டுங்கள். கம்பெனி என்றால் ஒவ்வொரு மெஷினின் பெயர்ப்பலகையும் சீரியல் எண்ணும் படிக்கும்படி தெரிய வேண்டும். அதை அந்த போனிலேயே வைத்திருந்தால் போதாது. மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், வெளியூரில் இருக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள். பாலிசி, பில், பத்திரம், ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றையும் படமெடுத்து அப்படியே செய்யுங்கள். காகிதங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள். நனைந்துபோன பில்லை வைத்துக்கொண்டு நனைந்துபோன சரக்கை நிரூபிப்பது பெரும்பாடு.

துணி ரோலையும் நூல் கோன் பெட்டியையும் மஞ்சள் மூட்டையையும் வெறும் தரையில் அடுக்காதீர்கள். சில பாலிசிகளில் தரையிலிருந்து இத்தனை அங்குல உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இருக்கும். தரைக்குக் கீழே உள்ள அறையில் சரக்கு வைத்தால் பொறுப்பில்லை என்றும் இருக்கலாம். ஷெட்யூலோடு இணைத்த பக்கங்களைப் புரட்டுங்கள். நிபந்தனை இல்லாவிட்டாலும் அரை அடி உயர மரப்பலகை ஒரு நாள் தண்ணீரைத் தாங்கும்.

தண்ணீர் வடிந்த முதல் நாள்

நனைந்த வீட்டுக்குள் போகும் முன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். எட்ட முடியாவிட்டால் மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

அடுத்து, நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்குப் போன். ஏஜென்டிடம் சொல்லிவிட்டால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். கிளெய்ம் நம்பர் கையில் வந்தால்தான் சொன்னதாகக் கணக்கு. பாலிசி எண், முகவரி, தண்ணீர் ஏறிய நாள், நேரம், உயரம், தோராயச் சேதம் இவ்வளவையும் ஒரு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தொகை தெரியாவிட்டால் "கணக்கெடுத்து வருகிறோம்" என்று எழுதினால் போதும். குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்.

சுவரில் சேற்றுக் கோடு இருக்கும். அதன் அருகே அளவு டேப்பை நிறுத்திப் படம் எடுங்கள். கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். தெருவில் தண்ணீர் நின்ற படம், அன்றைய நாளிதழ்ச் செய்தி, மாவட்ட நிர்வாகம் வெளியிடும் மழை அளவு மி.மீ. கணக்கு எல்லாம் "வெள்ளம் வந்ததா, குழாய் வழிந்ததா" என்ற கேள்விக்குப் பதில்.

சுத்தம் செய்யலாமா? செய்யத்தான் வேண்டும், சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசிப்படி உங்கள் கடமை. படம் எடுத்து, எண்ணி, எழுதிய பிறகு தண்ணீரை இறையுங்கள். நனைந்ததை நனையாததிலிருந்து பிரியுங்கள், துணியை விரித்துக் காய வையுங்கள். தூக்கிப் போடுவதை மட்டும் சர்வேயர் பார்க்கும் வரை தள்ளி வையுங்கள். நாறிப்போய் வைத்திருக்கவே முடியாதென்றால் நிறுவனத்துக்கு எழுதி அனுமதி கேட்டு, ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரியை எடுத்து வைத்துவிட்டு அகற்றுங்கள். பம்ப் வாடகை, கூலி எல்லாவற்றுக்கும் சீட்டு வாங்குங்கள். இடிபாடுகளை அகற்றும் செலவுக்குக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை இந்த பாரத் பாலிசிகளிலேயே இடம் இருக்கிறது.

மோட்டார் விஷயத்தில் அவசரம் வேண்டாம். தையல் மெஷின், தறி, கிணற்று மோட்டார், ஃப்ரிட்ஜ் எதையும் ஈரத்தோடு போட்டுப் பார்க்காதீர்கள். காயில் கருகினால் அது வெள்ளத்தில் கெட்டதா, ஷார்ட் சர்க்யூட்டில் கெட்டதா என்ற வழக்கு தொடங்கும். மின்கோளாறு பாலிசியில் விலக்கப்பட்டது. ரீவைண்டிங் கடையில் கொடுத்து, கழுவி, சூடேற்றிக் காயவைத்து, மெகர் கருவி வைத்து மின்காப்பை அளக்கச் சொல்லுங்கள். காப்பு ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக்கூடாது. அந்த அளவைக் கடைக்காரர் லெட்டர்பேடில் எழுதி வாங்கினால் மோட்டாருக்கு அதுவே சான்று.

சர்வேயர் வரும்போது

வண்டிக்கு 50,000, மற்றவற்றுக்கு 1 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் சேதம் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் வருவார். அவருக்குச் சம்பளம் நிறுவனம் தரும், உங்களிடம் எதுவும் வாங்கக்கூடாது. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அதன் பிறகு 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். பெருவெள்ள நாட்களில் ஒரே சர்வேயர் நாலு தாலுகா சுற்றுவார், தாமதம் ஆகும். ஆனாலும் கெடு உங்களுக்குத் தெரியும் என்பது உங்கள் மின்னஞ்சலில் தெரியட்டும்.

அவர் வரும்போது கணக்குப்பிள்ளையும் சூப்பர்வைசரும் உடனிருக்க வேண்டும். சரக்கை மூன்று அடுக்காக வைத்திருங்கள்: முழுதும் போனது, குறைந்த விலைக்கு விற்கக்கூடியது, நனையாதது. அவர் எண்ணுவதை நீங்களும் எண்ணி, அந்தத் தாளில் இருவரும் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். நடுவில் உள்ள அடுக்கில்தான் பேரம் இருக்கிறது. நனைந்த துணியை விற்றால் இவ்வளவு சால்வேஜ் (மிச்ச விலை) கிடைக்கும் என்று அவர் ஒரு தொகையைக் கழிப்பார். வேஸ்ட் வியாபாரிகள் மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்கி வைத்திருந்தால் அந்தக் கழிவு நியாயமாக இருக்கும். மஞ்சளுக்குப் பூஞ்சை பிடித்ததும் நிறம் மங்கியதும் விலையில் எவ்வளவு குறைக்கும் என்பதை மண்டி விலைச் சீட்டோடு காட்டுங்கள்.

கேட்ட ஆவணங்களை ஒரே கடிதத்தில் வரிசை எண் போட்டுக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்தோ மின்னஞ்சல் பதிலோ வாங்குங்கள். "பேப்பர் வரவில்லை" என்ற ஒரு வரி பல மாதங்களைத் தின்றுவிடும். அழிந்த சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்கும். அப்படித் திருப்பிய தொகையை இழப்பில் சேர்த்துக் கேட்க முடியுமா என்று ஆடிட்டரிடம் முன்பே பேசுங்கள். பெரிய சேதம் என்றால் இறுதி அறிக்கைக்கு முன் ஒரு பகுதியை முன்தொகையாகத் தரும்படி எழுத்தில் கேட்கலாம்.

தொகை குறைந்தால், மறுத்தால்

பணம் போடும் முன் ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "முழு, இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்று இருந்தால், தொகை ஒப்பவில்லை என்ற நிலையில் சும்மா கையெழுத்திட வேண்டாம். ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதுங்கள், அதே நாளில் காரணத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எங்கே வெட்டினார்கள், சால்வேஜிலா, விகிதத்திலா, தேய்மானத்திலா என்பது தெரியாமல் வாதாட முடியாது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். கூடவே ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். அங்கே மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மனுவை இணையத்திலேயே கொடுக்கலாம். வக்கீலும் கட்டணமும் தேவையில்லை. தனிநபரும் குறுந்தொழில் நடத்துபவரும் 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம், நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள். அதற்கு மேற்பட்ட தொகை, அல்லது குறைதீர்ப்பாளர் முடிவு ஒப்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே கெடு இரண்டு ஆண்டு. மறுப்புக் கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதை அதிலுள்ள தபால் முத்திரைதான் சொல்லும்.